பின்கதவில் இருந்த கோடுகள்

நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஃபோர் வீல் வண்டி வாங்க நினைப்பவர்கள் போனில் கேட்கிற முதல் கேள்வி எஞ்சினைப் பற்றியது இல்லை. வண்டி கடல் பக்கம் ஓடியதா என்றுதான் கேட்பார்கள். பெங்களூர்க்காரர் ஆங்கிலத்தில் கேட்பார், கொச்சிக்காரர் மலையாளம் கலந்து கேட்பார், கோயம்புத்தூர்க்காரர் மரியாதையாகச் சுற்றி வளைத்துக் கேட்பார். கடல் காற்று பட்ட வண்டிக்குள் துரு ஒளிந்திருக்கும். துரு இருந்தால் விலை பாதி. காரைக்காலில் உட்கார்ந்துகொண்டு இந்தத் தொழில் செய்கிறவன் இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? இங்கே கொடியில் காயும் துணியில்கூட உப்பு படிகிறது. அதனால் நான் பொய் சொல்வேன். "வயக்காட்டு வண்டி சார், கடலே பாத்ததில்ல" என்பேன். போட்டோ எடுக்க வண்டியைக் குரும்பகரம் ரோட்டுக்கு ஓட்டிப் போய், நடவு முடிந்த வயலுக்கு முன்னால் நிறுத்துவேன். பார்க்கிறவர்களுக்குத் தஞ்சாவூர் ஞாபகம் வரும், கடல் ஞாபகம் வராது.

இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. வாங்குகிறவர்களும் ஒன்றும் பச்சைப்பிள்ளைகள் இல்லை. நான் பொய் சொல்வேன் என்று தெரிந்தேதான் கேட்கிறார்கள். வெட்கமாக இருப்பது வேறொன்று. என் ஷெட்டில் மூன்று வருஷமாக விற்காமல் நிற்கிற ஒரு வண்டியைப் பற்றியது அது. வருகிறவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் சுற்றிச் சுற்றி வருவார்கள். அது விற்பனைக்கு இல்லை என்பேன். ஏன் என்று கேட்டால் எரிந்து விழுவேன். கிராக்கி ஏற்றுவதற்காக அப்படிச் செய்கிறேன் என்று வெளியூரில் பேச்சு இருக்கிறதாம்.

நான் பதினெட்டு வருஷம் வளைகுடாவில் இருந்தேன். பணக்கார அரபிகள் பாலைவனத்தில் ஓட்டுகிற பழைய வண்டிகளைப் புதுப்பிக்கும் கராஜ் ஒன்றில் டிங்கரிங் வேலை. நசுங்கிய தகரத்தை நிமிர்த்துவது, பட்டி பார்ப்பது, பெயின்ட் அடிப்பது. வண்டி சேர்க்கிற பைத்தியம் எப்படிப்பட்டது என்பதை அங்கேதான் பார்த்தேன். எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும். கண்ணாடி கம்பெனி போட்ட கண்ணாடியாகவே இருக்க வேண்டும். டேஷ்போர்டில் ஒரு திருகு மாறியிருந்தால்கூட மோப்பம் பிடித்தே கண்டுபிடிக்கிற ஆட்கள் உண்டு. சுனாமி வந்தபோதும் நான் அங்கேதான் இருந்தேன். ஒரு ஹெட்லைட் வளையத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன், கராஜ் டிவியில் நம்ம கடற்கரையைக் காட்டினார்கள். இரண்டு நாள் வீட்டுக்கு லைன் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் உம்மாவின் குரல் கேட்டது. நாங்க எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம் என்றார்கள். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு மறுபடி வளையத்தைக் கையில் எடுத்தேன். ஊரே அழுதபோது கூட நின்று அழாதவன் நான். இன்றைக்கும் யாராவது அந்தக் காலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு எழுந்து போய்விடத் தோன்றும்.

அந்த வண்டி குரும்பகரத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வீட்டு மாட்டுக்கொட்டகையில் இருந்தது. அவருடைய அப்பா வைத்திருந்த வண்டி. அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மேலே வைக்கோல் போட்டிருந்தார்கள், கோழி ஒன்று டிரைவர் சீட்டில் அடைகாத்துக்கொண்டிருந்தது. நான் வைக்கோலைத் தள்ளிவிட்டுப் பார்த்தேன். நீளமான மூடிய பாடி, பக்கவாட்டில் நகர்த்துகிற கண்ணாடி, பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்சு சீட், ஒரு பக்கமாகத் திறக்கிற பின்கதவு. இந்த வகை வண்டிகளில் முக்கால்வாசியை மேல்பாகம் வெட்டித் திறந்த ஜீப்பாக ஆக்கிவிட்டார்கள். மூடிய பாடியோடு கிடைப்பது அபூர்வம். நம்பர்கள் ஒத்துப்போயின. பாட்டரி மாற்றி ஸ்டார்ட் பண்ணி, ஃபோர் வீல் லிவரைப் போட்டேன். இத்தனை வருஷம் கழித்தும் சொன்ன பேச்சைக் கேட்டது.

அப்புறம் பின்கதவைத் திறந்தேன். கதவின் உள்பக்கத் தகரத்தில், நெஞ்சு உயரத்தில் தொடங்கி, கோடு கோடாகக் கீறியிருந்தது. ஒவ்வொன்றும் விரல் நீளம். ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திக் கீறியிருக்க வேண்டும், பெயின்ட்டைத் தாண்டித் தகரம் வரைக்கும் போயிருந்தது. வரிசையாக இருந்தது. சில கோடுகளின் பக்கத்தில் ஒரு புள்ளி, சிலதில் ஒரு வட்டம். ஒன்றின் காலடியில் பிறை மாதிரி ஒரு வளைவு.

"இது என்ன சார், புள்ளைங்க கிறுக்குனதா?" என்று கேட்டேன்.

"இல்ல பாய்" என்றார் வாத்தியார். "அப்பா கீறுனது. சுனாமி அன்னிக்குக் கிளிஞ்சல்மேட்டுக்கு இந்த வண்டியத்தான் எடுத்துக்கிட்டுப் போனாங்க. சேத்துலயும் மணல்லயும் வேற எந்த வண்டியும் எறங்கல. இது ஃபோர் வீலாச்சே, எறங்கிருச்சு. மூணு நாளு ஏத்திக்கிட்டு வந்தாங்க. ஏத்துன ஒவ்வொருத்தருக்கும் ஒரு கோடு. பேரு தெரியாதுல்ல, அதான் இந்த அடையாளமெல்லாம்."

"உசுரோடவா?"

"மொத நாள் காலையில கொஞ்ச பேரு, அவங்களுக்குக் கோடு போடல. அதுக்கப்பறம் இல்ல பாய்."

நான் தலையை ஆட்டினேன். முகத்தையும் அதற்குத் தகுந்த மாதிரி வைத்துக்கொண்டேன். ஆனால் என் மனதுக்குள் முதலில் வந்த வார்த்தை என்ன என்பதை இங்கே மறைக்கப்போவதில்லை. கடல் பார்த்த வண்டி. அதுதான் வந்தது. கடலைப் பார்த்தது மட்டும் இல்லை, கடலுக்குள்ளேயே நின்ற வண்டி, அதற்குச் சாட்சியும் கதவிலேயே எழுதியிருக்கிறது என்று நினைத்தேன். அந்தக் கோடுகளை நான் எண்ணவில்லை. கதவை ஒரு தட்டுத் தட்டிச் சாத்தினேன்.

விலை பேசி வாங்கி, வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுவந்த அன்றே வழக்கப்படி போட்டோ எடுத்தேன். வேலை தொடங்கும் முன் வண்டியின் அங்குலம் அங்குலமாகப் படம் எடுத்து வாங்குகிறவருக்கு அனுப்ப வேண்டும், எது பழையது எது நான் போட்டது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். இந்தத் தொழிலில் அதை விட்டால் ஒருவரும் நம்ப மாட்டார். பின்கதவுக்கு வந்தபோது என் நீல வேலைச் சட்டையைக் கழற்றிக் கதவின் கைப்பிடியில் மாட்டினேன். ஏதோ அவசரத்தில் மாட்டிய மாதிரி ஒரு கையைத் தொங்கவிட்டேன். கோடுகள் அத்தனையும் அந்தச் சட்டைக்குப் பின்னால் போய்விட்டன. பெங்களூர்க்காரர் ஒருவர் படங்களைப் பார்த்த உடனே எடுத்துக்கொள்கிறேன் என்றார். வேலை முடிந்ததும் பின்கதவைத் திறந்து மூடி ஒரு வீடியோ அனுப்பச் சொன்னார். இந்த வண்டிகளில் முதலில் துருப்பிடிப்பது அந்தக் கதவுதான். விஷயம் தெரிந்த ஆள்.

எனக்கு டிங்கரிங் வேலைக்கு வரிச்சிக்குடியிலிருந்து ஒருவர் வருவார். என்னைவிட மூத்தவர், வேலையில் புலி, வாயைத் திறந்தால் குறை சொல்லத்தான் திறப்பார். கிரைண்டரை எடுத்துக்கொண்டு பின்கதவுக்குப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"இது இருக்கட்டுமே பாய். உள்பக்கந்தானே" என்றார்.

"உள்பக்கத்தத்தான் மொதல்ல தொறந்து பாக்குறாங்க."

"அந்தப் பெரியவர எனக்குத் தெரியும். இத நான் தேய்க்க மாட்டேன். வேற வேல குடுங்க."

எனக்குச் சுர்ரென்று வந்தது. என் ஷெட்டில் எனக்கே வேலை சொல்கிறாரா என்று கோபம். அவர் கையிலிருந்து கிரைண்டரைப் பிடுங்கி நானே தேய்த்தேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. தகரம் வெள்ளையாக மின்னியது. பட்டி தடவி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்து, கம்பெனி நிறத்துக்கு ஒரு சொட்டுகூட மாறாமல் பெயின்ட் கலந்து அடித்தேன். கையை வைத்துத் தடவினால் கண்ணாடி மாதிரி இருந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக ஒரு கதவை முடித்தது கிடையாது. அதற்குப் பெருமைப்பட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மணல் அதற்கப்புறம்தான் வர ஆரம்பித்தது. காலையில் ஷெட்டைத் திறந்தால் வண்டியின் பின்பக்கத்துக்குக் கீழே ஒரு பிடி மணல் கொட்டிக் கிடக்கும். கடல் மணல், அதில் பொடிப்பொடியாகக் கிளிஞ்சல். சேசிஸ் உள்ளே கூடாக இருக்கும், அதற்குள் மணல் தங்கியிருக்கும், ஸ்டார்ட் பண்ணும்போது உதிரும். இதெல்லாம் எனக்குத் தெரியாதா என்ன. ஹோஸ் வைத்துக் கழுவினேன். காற்று அடித்துச் சுத்தம் செய்தேன். கழுவிய தண்ணீர் தெளிவாக வரும்வரை விட்டேன். மறுநாள் காலை மறுபடி ஒரு பிடி. வண்டியை ஸ்டார்ட் பண்ணாத நாளிலும் கிடந்தது. டிங்கர் வேலைக்காரர் துடைப்பத்தை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். நான் பேய் பிசாசை நம்புகிற ஆள் இல்லை. ஆனால் அந்த மணலைக் குப்பையில் கொட்டவும் எனக்கு மனம் வரவில்லை, ஒரு பழைய கிரீஸ் டப்பாவில் போட்டு வைத்தேன்.

மார்கழியில், வண்டியைக் கொண்டுபோக லாரி வர இரண்டு நாள் இருக்கும்போது, வாத்தியார் போன் செய்தார்.

"பாய், ஒரு அம்மா வந்திருக்காங்க. வருஷா வருஷம் சுனாமி நாளுல வந்து அப்பாவோட வண்டியப் பாத்துட்டுப் போவாங்களாம். அரையாண்டு லீவுல நான் வெளியூர் போயிருவேனா, எனக்கே தெரியல. ஒங்ககிட்ட இருக்குன்னு சொல்லி அனுப்பிட்டேன். காட்டிருங்க."

பதினோரு மணி இருக்கும், அந்த அம்மா பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். கிளிஞ்சல்மேட்டிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். கடலில் பால் ஊற்றிவிட்டு வந்ததில் புடவையின் கீழ்ப்பாகம் ஈரமாக இருந்தது, பாதத்தில் மணல் ஒட்டியிருந்தது. கையில் ஒரு மஞ்சப்பை. நான் நாற்காலி போட்டேன். உட்காரவில்லை. நான் கேட்காமலே சொன்னார்.

"அன்னிக்கு எனக்கு நெனவே இல்ல பாய். முழிச்சுப் பாக்கும்போது நாலு நாளு ஆயிருச்சு. எம் பொண்ணுக்கு ஒம்பது வயசு. ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. பேரு தெரியாதவங்கள எல்லாம் ஒண்ணாப் பொதச்சுட்டாங்கன்னாங்க, எந்த எடத்துலன்னும் காட்ட ஆளில்ல. அப்பறம் இந்த வண்டியத் தேடிக்கிட்டுப் போயி அந்த ஐயாவக் கேட்டேன். ஒத்தக் கால்ல கொலுசு போட்ட புள்ள ஒண்ண ஏத்துனேம்மான்னாரு. அவதான் பாய். இன்னொரு கொலுசு அந்து போயி, பத்தவெக்க ஆசாரிகிட்ட குடுத்திருந்தேன்."

மஞ்சப்பையிலிருந்து ஒரு சின்னக் கொலுசை எடுத்துக் காட்டினார். ஒரு இடத்தில் பற்றவைத்த அடையாளம் தடித்துத் தெரிந்தது.

"அவளோட கோட்டுக்குக் கீழ கொலுசு மாதிரி வளைச்சுக் கீறியிருந்தாரு. வருஷத்துக்கு ஒருக்கா வந்து அதத் தொட்டுக் கும்பிட்டுட்டுப் போவேன். எனக்கு வேற எடமில்ல. தொறங்க பாய்."

எங்கள் வாப்பாவின் கப்ரில் பெயர் எழுதிய பலகை கிடையாது. தலைமாட்டில் ஒரு மீசான் கல் நட்டிருக்கிறது, அவ்வளவுதான். பள்ளிவாசல் வேப்பமரத்திலிருந்து எட்டுக் காலடி வைத்தால் அந்தக் கல் வரும். யாராவது அதைப் பிடுங்கிவிட்டுத் தரையைச் சமன் செய்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று அந்த இடத்தில் நின்றபடி யோசித்தேன். கழுத்தைப் பிடித்திருப்பேன். அப்படி யோசித்தபடியே பின்கதவைத் திறந்தேன்.

அவர் கதவைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"பெயின்ட் அடிச்சிருக்குக்கா. அடியில அப்படியே இருக்கு" என்றேன். வாய் தானாகச் சொன்னது. எத்தனை வருஷப் பழக்கம்.

"எந்த எடத்துல பாய்?"

நான் தோராயமாக ஒரு இடத்தைக் காட்டினேன். அவர் அங்கே கையை வைத்துப் பார்த்தார். எடுத்துவிட்டார்.

"இங்க இல்லையே" என்றார். கதவுக்கு நேராக ஒழுங்காக நின்றுகொண்டு, கண்ணை மூடி, கையை நீட்டினார். தேடவில்லை. வீட்டுக்குள் இருட்டில் சுவிட்சைத் தொடுகிறவரைப் போல நேராகப் போய் ஒரு இடத்தில் கை நின்றது. நான் காட்டியதற்கு ஒரு சாண் மேலே, இடது பக்கம். விரல்கள் அங்கே முன்னும் பின்னும் நகர்ந்தன. ஒன்றும் தட்டுப்படவில்லை. நான் போட்ட பெயின்ட் அவ்வளவு வழவழப்பு.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "அடியிலயும் இல்லக்கா" என்றேன். "கிரைண்டர் வெச்சு நான்தான் தேச்சுட்டேன். வெல போவாதுன்னு."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். கையைக் கதவிலிருந்து எடுக்காமல், இன்னொரு கையால் வளையலில் மாட்டியிருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றி, பல்லால் திறந்து, அந்த இடத்திலேயே கீற ஆரம்பித்தார். மேலிருந்து கீழாக ஒரு கோடு. பெயின்ட் சுருள் சுருளாக உரிந்து விழுந்தது. பெங்களூர்க்காரருக்கு வீடியோ அனுப்பியாயிற்று, இரண்டு நாளில் லாரி வரும். நான் தடுக்கவில்லை. கோட்டின் கீழே ஒரு வளைவு கீறினார். கொலுசை அதன் மேல் வைத்துப் பார்த்தார். பிறகு நெற்றியைக் கதவில் வைத்து நின்றார். நான் ஷெட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டேன். அந்த வயதில், பட்டப்பகலில், மெயின் ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டு அழுதேன். சுனாமி அன்றிலிருந்து தள்ளிப்போட்டதெல்லாம் ஒன்றாக வந்தது.

உள்ளே போனபோது அவர் ஊக்கை என்னிடம் நீட்டினார்.

"மத்தவங்களோடத நீங்க கீறிருங்க பாய். எத்தன இருந்துச்சு?"

நான் கதவைப் பார்த்தேன்.

"ரெண்டு வரிசையா, மூணா?"

"எண்ணலக்கா."

"எம் பொண்ணோடது எனக்குத் தெரியும். மத்தத நான் பாத்ததில்ல, அவளத் தவுத்து வேற எதையும் பாக்க மனசு வந்ததில்ல. நீங்கதான் பாத்தீங்க. மத்தவங்களுக்கெல்லாம் வர்றதுக்கு யாரு இருக்கான்னே தெரியாதுல்ல பாய்" என்றார். ஊக்கை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிட்டார்.

லாரியை வரவேண்டாம் என்று சொன்னேன். பெங்களூர்க்காரர் கண்டபடி ஏசினார், கேட்டுக்கொண்டேன். வாத்தியாரிடம் கேட்டேன். சின்ன வயதில் அந்தக் கதவுப் பக்கமே போக மாட்டேன் என்றார், பயம். டிங்கர் வேலைக்காரரிடம் கேட்டேன். "எண்ணியிருந்தா நான் அன்னிக்கே வேலைய விட்டுட்டுப் போயிருப்பேன் பாய்" என்றார். என் போட்டோக்களை எல்லாம் எடுத்துப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். டேஷ்போர்டில் உள்ள ஒவ்வொரு திருகும் தெரிகிறது, சீட்டுத் தையலில் பிரிந்த நூல் தெரிகிறது. பின்கதவில் என் நீலச் சட்டை தொங்குகிறது, ஒரு கை கீழே நீட்டிக்கொண்டிருக்கிறது. சட்டையின் ஓரத்தில் ஒரே ஒரு கோட்டின் நுனி தெரிகிற மாதிரி இருக்கும். இன்னும் பெரிதாக்கினால் அது நிழல்.

ஊக்கைப் பின்கதவின் ரப்பர் ஓரத்தில் குத்தி வைத்திருக்கிறேன். எத்தனையோ தடவை கையில் எடுத்தேன். குத்துமதிப்பாக ஒரு இருபது, இருபத்தைந்து கீறிவிடலாமா என்று நினைப்பேன். ஒன்றைக் கூடுதலாகக் கீறினால் சாகாத ஒருவரைக் கொன்ற மாதிரி. ஒன்றைக் குறைத்தால் செத்த ஒருவர் மறுபடியும் கரையிலேயே கிடப்பார். பொய் சொல்லியே பிழைத்தவனுக்கு அந்தக் கதவில் மட்டும் ஒரு பொய்யை எழுதக் கை வரவில்லை. மணல் இப்போதும் விழுகிறது. கிரீஸ் டப்பா நிறைந்து, இரண்டாவது டப்பா வைத்திருக்கிறேன்.

அந்த அம்மா ஒவ்வொரு மார்கழியும் வருகிறார். நான் முந்தின நாளே வண்டியைக் கழுவி, கதவைத் துடைத்து, ஒரு ஸ்டூல் போட்டு வைப்பேன். இந்த வருஷமும் வந்தார். கதவைத் திறந்துவிட்டேன். துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கிற அந்த ஒற்றைக் கோட்டைத் தொட்டுக் கும்பிட்டார். பிறகு அதைச் சுற்றியிருக்கும் வெறும் பெயின்ட்டை ஒரு தடவை முழுசாகப் பார்த்தார்.

"இந்த வருஷமும் அவ மட்டுந்தானா பாய்?" என்று கேட்டார்.

"ஆமாக்கா" என்றேன்.